அக்காவின் காரும் எரியாத பிரேக் விளக்கும்

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் பலருக்கும் அக்கா என்றதும் அந்தக் கறுப்புநிறப் பழைய கார்தான் முதலில் நினைவுக்கு வரும். தம்பியான எனக்கும் அப்படித்தான்.

ஆழ்வார்குறிச்சியில் பிறந்து கல்லிடைக்குறிச்சியில் வாழ்க்கைப்பட்ட அக்கா, அத்தான் காலமானபோது இரண்டு பெண் பிள்ளைகளோடு நின்றார். அத்தான் விட்டுச்சென்றது அந்தக் கார் ஒன்றைத்தான். அக்கா அழுது முடித்தார். கார் ஓட்டப் பழகினார். தெருப் பெண்களைச் சேர்த்து அப்பளம் இட்டு, திருநெல்வேலிக் கடைகளுக்குத் தாமே கொண்டுபோய்க் கொடுத்தார். பிடிவாதக்காரர். அந்தப் பிடிவாதத்தில்தான் பிள்ளைகள் படித்தார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், பத்தமடை அருகே ஆடுகள் குறுக்கே வர, அக்கா பிரேக் போட்டார். பின்னால் வந்த லாரி இடித்துவிட்டது. விபத்தில் கார் அப்பளம்போல நொறுங்கியது என்று செய்தித்தாள்களில் எழுதுவார்கள். அக்காவின் காருக்கு ஒரு நெளிவுதான்; நொறுங்கியது அப்பளம். லாரி ஓட்டுநர் பதறி இறங்கி வந்து, "பிரேக் லைட்டே எரியலயேக்கா!" என்றார்.

எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி பல்பை மாற்றினார், சுவிட்சை மாற்றினார். பயனில்லை. "வயர் பூரா மாத்தணும் தாயி. இந்த வண்டிக்கு இப்பம் எங்கன கிடைக்கும்?" என்று கையை விரித்தார். எங்கள் சித்தப்பா, "வித்துத் தொலைச்சிரு பிள்ள. உயிர் பெருசா, வண்டி பெருசா?" என்று கோபித்தார்.

"பஸ்ஸுல கொண்டுபோனா பாதி தூளாயிரும், கடைக்காரங்க வாங்க மாட்டாங்க. விக்கதுக்கில்ல சித்தப்பா. பைய பாத்துக் கண்டுபிடிச்சிருதேன்" என்றார் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காரின் பின்னால் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் பிரேக்கை மிதித்தேன்.

"எரியுதாக்கா?"

"மினுக்குன்னு எரியுது. நீ இண்டிகேட்டரத் தொட்டியாலே?"

"தொடவே இல்லக்கா."

"பின்ன அதும்லா சேர்ந்து எரியுது!"

அக்கா யோசித்தார். ஒரு துண்டு வயரை எடுத்து, ஒரு முனையை விளக்கின் உலோக அடித்தட்டிலும் மறுமுனையை பம்பரின் போல்ட்டிலும் வைத்து அழுத்தினார். பிரேக் விளக்கு பளிச்சென்று எரிந்தது, இண்டிகேட்டர் அணைந்தது. விளக்குக்குப் போகும் மின்சாரம் வண்டியின் இரும்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அந்த வழி அடைபட்டதால்தான் இண்டிகேட்டர் வழியாகச் சுற்றிப் போயிருக்கிறது.

அடைத்தது யார்? ஆயுத பூஜைக்கு முன், வீட்டுக்கு வெள்ளையடிப்பதுபோல, வருடந்தோறும் காருக்கும் தம் கையாலேயே பெயிண்ட் அடிப்பது அக்காவின் வழக்கம். விளக்குகளைக் கழற்றி, அவை உட்காரும் இடத்தைக்கூட விடமாட்டார். அங்கே மின்சாரம் கடக்க முடியாதபடி பெயிண்ட் தோல்போலத் தடித்திருந்தது. "நாந்தாம்லே என் கண்ண நானே கட்டியிருக்கேன்" என்று சிரித்தபடியே உப்புத்தாளால் இரும்பு மின்னும்வரை தேய்த்தார். மறுநாளே அப்பளம் திருநெல்வேலிக்குப் போனது.

நோய் படுக்கையில் தள்ளும்வரை அக்கா அந்தக் காரை ஓட்டினார். இரு மகள்களும் அருகிலிருக்க, தம் வீட்டிலேயே கண்மூடினார். அது எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

அக்காவுக்கு மருத்துவம் பார்த்தவர்கள், உடனுழைத்த பெண்கள், அண்ணாச்சி, சித்தப்பா எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது, இந்த மலரும் அவர்களுக்குப் போய்ச் சேராது. அத்தனை வருடமும் அந்தச் சாலையில் அக்காவின் பின்னால் வந்து, சிவப்பு விளக்கைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திய ஓட்டுநர்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறோம்.