வெள்ளிக்கிழமை ஒரு மணி டெஸ்ட்

வேலூரில், காட்பாடி ரோட்டோரத்து மாடியொன்றில் எங்கள் சின்ன சாப்ட்வேர் ஆபீஸ். அங்கே டெஸ்ட் எழுதுவதுதான் என் பிழைப்பு. மற்றவர்கள் எழுதிய புரோகிராம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க நான் இன்னொரு புரோகிராம் எழுதுவேன். சரியென்றால் திரையில் பச்சை, தப்பென்றால் சிவப்பு. பச்சையைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடும் கண் என்னுடையது. அந்தப் பாழாய்ப்போன பழக்கம்தான் என் அண்ணனைக் கொண்டுபோகப் பார்த்தது.

அண்ணனுக்கு ஆம்பூர் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை. கழிவுத்தண்ணீர்த் தொட்டி அவன் பொறுப்பு. தொட்டியில் விஷவாயு கட்டும், அழுகிய முட்டை போல நாறும். "நாத்தம் அடிச்சா தள்ளி நிக்கணும். அடிச்சிட்டிருந்த நாத்தம் திடீர்னு காணாமப் போச்சுன்னா ஓடிடணும். மூக்கு செத்துப்போச்சுன்னு அர்த்தம்" என்று சாப்பிடும்போது சொல்வான். "சோத்துல கை வெச்சுக்கினு இன்னாடா பேச்சு இது" என்று அம்மா கத்துவாள்.

அந்தத் தொழிற்சாலை வேலையே எங்கள் ஆபீசுக்கு வந்தது. தொட்டியருகே ஒரு கருவி வைத்தார்கள். வாயு ஏறினால் அது எங்கள் சர்வருக்குச் செய்தி அனுப்பும். அதை ஈவென்ட் என்போம். ஈவென்ட் வந்ததும் எங்கள் புரோகிராம் போன் கம்பெனியின் ஏபிஐ என்ற கதவைத் தட்டி, 'இந்த நம்பருக்கு அடி' என்று சொல்லும். முதலில் சூப்பர்வைசர். அவர் எடுக்காவிட்டால் மேனேஜர். அவரும் எடுக்காவிட்டால் பிளான்ட் இன்சார்ஜ். எடுத்தவர் ஓடிப்போய் ஆட்களைத் தொட்டியிடமிருந்து விலக்க வேண்டும். தொட்டிப் பக்கம் செல்போன் கூடாது, அண்ணனுடையது லாக்கரில் கிடக்கும். சைரனுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார்கள், வந்து சேரவில்லை. அதுவரை இந்த மூன்று நம்பர்தான் அவன் உயிருக்குக் காவல்.

டெஸ்ட் ஓடும்போது நிஜமாக யாருக்கும் போன் போகக் கூடாது அல்லவா? அதனால் போன் கம்பெனிக்குப் பதிலாக நானே ஒரு டம்மி எழுதினேன். ரொம்பச் சமத்து டம்மி. முதல் ஆள் எடுக்கவில்லை என்று சொல்லச் சொன்னால் சொல்லும். ஆனால் இரண்டாவதோ மூன்றாவதோ யாராவது ஒருவர் கட்டாயம் எடுப்பார், 'பார்த்துட்டேன்' என்பார். எழுதியவள் நான்தானே, எனக்கு வேண்டியதை அது சொன்னது. எல்லாம் பச்சை.

"பச்சைதானே? நாளைக்கே ஓட விட்டுடலாம்" என்றார் டீம் லீடர். எனக்கென்னவோ மனசு ஆறவில்லை. அண்ணன் வேலை பார்க்கும் இடம், அதனால் வரும் வீண் பயம் என்று என்னை நானே அடக்கிக்கொண்டு "சரி சார்" என்றேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, காலையிலேயே புரோகிராமை ஓட விட்டுவிட்டார்கள். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போனேன். பக்கத்து சீட்டுப் பையன் செல்போனை சைலண்ட்டில் போட்டு மேசையில் வைத்துவிட்டு ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தான். அந்தப் போன் தனியாக அதிர ஆரம்பித்தது. அதிர்ந்து அதிர்ந்து மேசை ஓரம் வரை நகர்ந்து, நின்றது. மறுபடி அதிர்ந்தது, நின்றது.

டப்பாவை அப்படியே வைத்தேன். சூப்பர்வைசர், மேனேஜர், இன்சார்ஜ், மூன்று பேருமே முஸ்லிம்கள், இந்நேரம் ஜும்மா தொழுகையில் இருப்பார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், வெள்ளிக்கிழமை மதியம் தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்கள் நிற்கும். டிரம் நின்றால் தொட்டிக்குத் தண்ணீர் வராது. தண்ணீர் வராத நேரம் பார்த்துத்தான் அண்ணன் வாராவாரம் மூடியைத் திறந்து, மேலே நின்று நீளக் கொக்கியால் அடைப்பை எடுப்பான். இதெல்லாம் தெரிந்தவள் எழுதிய டெஸ்ட் அது! அடிப்பாவி, நீயெல்லாம் ஒரு டெஸ்டரா?

சூப்பர்வைசருக்கு அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். மேனேஜருக்கு அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது. இன்சார்ஜும் எடுக்கவில்லை. நான் எழுதாமல் விட்ட டெஸ்டை என் கையாலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் டப்பாவை மறந்துவிட்டுப் போகும் நாட்களில் அம்மா கூப்பிடும் தொழிற்சாலை கேட் போன் நம்பர் என்னிடம் இருந்தது. செக்யூரிட்டிக்காரர் உடனே எடுத்தார். அண்ணன் பெயரைச் சொன்னேன். "இன்னாம்மா, இன்னிக்கும் சோத்த மறந்துட்டானா?"

"அண்ணே, தொட்டி கிட்ட யாரும் நிக்க வேணாம்னு தூர நின்னே கத்துங்க. அண்ணனைக் கூட்டிட்டு வாங்க. கெஞ்சிக் கேக்கறேன், ஓடுங்க!"

ரிசீவரை வைக்காமல் மேசையில் போட்டுவிட்டு அவர் ஓடும் சத்தம் கேட்டது. அப்புறம் அங்கே ஓடும் ஃபேனின் சத்தம் மட்டும். காதில் போனோடு திரையைப் பார்த்தேன். ஈவென்ட் வந்திருந்தது. வாயு ஏறியிருந்தது. மூன்று அழைப்பு, மூன்றையும் யாரும் எடுக்கவில்லை. அதற்குக் கீழே எங்கள் புரோகிராம் ஒரே ஒரு வார்த்தை எழுதிவிட்டுக் கடையை மூடியிருந்தது: 'முடிந்தது.'

ஒரு யுகம் கழித்து அண்ணன் குரல் வந்தது. "இன்னாடீ, ஊரையே கூட்டிட்டே? மூடியத் தொறந்து வேலையே ஆரம்பிச்சாச்சு. நீ பயப்படற அளவுக்கு ஒண்ணுமில்ல. மொதல்ல லேசா அடிச்சுது, அப்பறம் சுத்தமா நாத்தமே இல்ல."

"நாத்தமே இல்லையா?" என்றேன். அவன் பேச்சை நிறுத்திவிட்டான். சொன்னது அவன் காதிலேயே அப்போதுதான் விழுந்திருக்க வேண்டும்.

"கூட ரெண்டு பேர் இன்னும் அங்கியே நிக்கிறாங்க" என்று சொல்லி போனைப் போட்டுவிட்டான். அவர்களைத் தூரத்திலிருந்தே கூவித் தள்ளி வரவைத்ததைப் பிறகு சொன்னான். ஒருவர் வாந்தி எடுத்தார். அண்ணனுக்கு இரண்டு நாள் கண் எரிச்சலும் தலைவலியும் இருந்தது. அதோடு போனது.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் ஆபீசுக்கே வந்தார். "நம்பர் குடுத்தது நான்தாம்மா. மூணு பேரும் தொழுகையில ஒரே வரிசையில நிக்கிறவங்கன்னு எனக்குத் தோணவே இல்ல" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "டெஸ்ட் எழுதினது நான் சார்" என்றேன்.

அன்றே எழுதினேன். வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணி, ஈவென்ட் வருகிறது, ஒருவரும் எடுக்கவில்லை. டெஸ்டுக்குப் பெயரே அதுதான். ஓட விட்டேன், சிவப்பாக வந்தது. அழுதுவிட்டேன், பக்கத்து சீட்டுப் பையன் பயந்துபோனான். அப்புறம் யாராவது எடுக்கும்வரை விடாமல் அடிக்கும்படி புரோகிராமை மாற்றினார்கள். நான்காவது நம்பர் கேட் போன். "அஞ்சாவதா உன் நம்பரப் போடு" என்றான் அண்ணன். "ஊர்ல இருக்கறவனெல்லாம் எடுக்காத நேரத்துல நீதானே போன் போட்டுக் கத்தின."

போட்டோம். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் என் போன் அடிக்காமல் கிடந்தால் எனக்கு என்னவென்று தெரியும்? வாயு இல்லையா, கருவியே செத்துக் கிடக்கிறதா? இதை அண்ணனிடம் சொன்னேன். "சும்மா பேஜார் பண்ணாதே" என்றான். அடுத்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டே முக்காலுக்கு என் போன் அடித்தது. எடுத்தால், 'சோதனை அழைப்பு' என்றது மெஷின். மூடியைத் தொடுவதற்கு முன்னால் கருவியிலிருக்கும், ஐந்து நம்பருக்கும் ஒரே நேரத்தில் அடிக்கும் சோதனைப் பட்டனை அவன் அழுத்தியிருக்கிறான்.

சைரன் வந்து மாட்டியாகிவிட்டது. இருந்தும் வாராவாரம் அழுத்துகிறான். சில வாரம் ஒரு மணி ஆகிவிடும், ஒன்றேகாலும் ஆகும். அந்த அழைப்பு வரும்வரை நான் டப்பாவைத் திறப்பதில்லை.