மூன்றாவது பச்சை

திருமானூர்ப் பக்கம் ஓர் ஆம்பளையின் மானம் அவன் வயலின் நிறத்தில் இருந்தது. பயிர் கருகருவென்று நின்றால் வரப்பில் நெஞ்சை நிமிர்த்தி நடப்பான். கொஞ்சம் வெளுத்தால் டீக்கடைப் பக்கமே தலைகாட்ட மாட்டான். என் வீட்டுக்காரருக்கு இந்த வியாதி கூடுதல். யூரியாவை வாரி வாரி இறைப்பார். கோபம் வந்தால் கையை நீட்டுவார். இரண்டிலுமே அளவு தெரியாது. ‘அவர்’ என்று எழுதிப் பழகிவிட்டது, மரியாதையால் இல்லை.

இரண்டாயிரம் பிறந்த புதிதில் எங்கள் மகளிர் குழுவுக்கு வேளாண்மை ஆபீஸ் மேடம் ஒருவர் வந்து ஆளுக்கொரு இலை வண்ண அட்டை கொடுத்தார். கையகல பிளாஸ்டிக். வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை ஆறு பட்டைகள். காலையில் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, நம் நிழலுக்குள் இலையைப் பட்டைமேல் வைத்து நிறம் பார்க்க வேண்டும். இலையைப் பறிக்கக் கூடாது. இப்படிப் பத்து இலை பார்த்து, பாதிக்கு மேல் அந்த ரகத்துக்குச் சொன்ன பட்டையைவிட வெளுத்திருந்தால் மட்டும் யூரியா.

“மத்த ரகத்துக்கு நாலாவது பட்டை. வெள்ளைப் பொன்னிக்கு மூணாவதே போதும். அது பொறப்புலயே வெளுப்பு. கறுப்பாக்குறேன்னு உரத்தக் கொட்டுனீங்கன்னா சாஞ்சுரும்” என்றார் மேடம். எங்கள் ஊர் முழுக்க வெள்ளைப் பொன்னிதான். அதைக் கறுப்பாக்கத்தான் ஊரே பாடுபட்டுக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

வீட்டில் சொன்னேன். “பிளாஸ்டிக்கு பேச்சக் கேட்டு வெவசாயம் பண்ணணுமாடி?” என்றார். விடாமல் நச்சரித்தேன். எரிச்சலில், “கீழ்வயல நீயே பாத்துக்க. வெளஞ்சா நீயே வச்சுக்க. வெளையல, தோல உரிச்சிருவேன்” என்றார். கல்யாணமாகி வந்ததிலிருந்து எனக்கென்று ஒரு புடவைகூட நானாக எடுத்ததில்லை. அந்த வயலின் விளைச்சல் எனக்கு வேண்டும் என்ற வெறி அன்றைக்கே பிடித்துவிட்டது.

அட்டை யூரியா போடச் சொன்னபோது போட்டேன், சொல்லாதபோது கையைக் கட்டிக்கொண்டேன். அவருடைய மேல்வயல் கறுத்தது. என் வயல் மூன்றாவது பட்டையிலேயே நின்றது. டீக்கடையில் யாரோ, “என்னப்பா, பொண்டாட்டி வயல பட்டினி போட்டுட்டாளா?” என்று கேட்டுவிட்டார்கள். போதாதா? நேரே வயலுக்கு வந்தவர் என் தலைமயிரைப் பிடித்து இழுத்துச் சேற்றில் தள்ளினார். அட்டையைப் பிடுங்கி என் முகத்திலேயே அடித்து உடைத்தார். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. உடைந்ததில் எனக்கு வேண்டிய பட்டை தப்பியிருந்தது. அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அடுத்த வாரம் நான் சோறாக்கிக்கொண்டிருந்த நேரத்தில் என் வயலில் யூரியாவை இறைத்துவிட்டார். கேள்விப்பட்டு ஓடினேன். தண்ணீருக்குள் வெள்ளைக் குருணை கரைந்தும் கரையாமலும் கிடந்தது. மம்பட்டியால் வடிகால் பக்கம் வரப்பை வெட்டிவிட்டேன். உரத்தோடு தண்ணீர் ஓடியது. அவர் மம்பட்டியைப் பிடுங்கி அதன் காம்பால் என் முழங்கையில் போட்டார். எலும்பு ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது. நானும் சும்மா இருக்கவில்லை. அவர் தோளைக் கடித்தேன், வாயில் ரத்தம் கரிக்கும்வரை விடவில்லை. பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேர் ஓடிவந்து பிரித்தார்கள். வலியில் உயிர் போனது. ஆனால் தண்ணீர் வடிந்துவிட்டது என்ற நிம்மதி அதைவிடப் பெரிதாக இருந்தது.

மார்கழியில் ஒரு காற்றும் மழையும் வந்தன. மேல்வயல் அப்படியே படுத்துவிட்டது. படுத்த பயிரில் புகையான் பூச்சி விழுந்து வட்டம் வட்டமாகத் தீய்த்தது. என் வயல் நின்றது. கதிர் பால் பிடித்திருந்தது. கட்டுப் போட்ட கையோடு தினமும் போய்ப் பார்ப்பேன். அந்தச் சந்தோஷத்தை மறைக்கக்கூட எனக்குத் தெரியவில்லை. டீக்கடை இப்போது பேச்சை மாற்றியது: “வெவசாயத்த பொண்டாட்டிகிட்ட கத்துக்கப்பா.”

மறுநாள் விடிந்ததும் அரிவாளோடு என் வயலில் இறங்கினார். நான் போவதற்குள் பாதி போய்விட்டது. பச்சைக் கதிர், நசுக்கினால் பால்தான் வரும், ஒரு படி அரிசி தேறாது. பிடி பிடியாக அறுத்துத் தண்ணீரில் வீசிக்கொண்டிருந்தார். நல்ல கையால் அரிவாளைப் பிடித்தேன். இழுத்தார். உள்ளங்கை பிளந்தது.

“என் வெள்ளாமைங்க! யாராச்சும் வந்து புடிங்களேன்!” என்று கத்தினேன்.

அன்றைக்கு எங்களைப் பிரித்துவிட்ட அதே இரண்டு பேர் வரப்பில்தான் நின்றார்கள். இறங்கவில்லை. ஒருவர் சொன்னார்: “அவரு பேருல இருக்குற வயலு, அவரு அறுக்குறாரு. நாங்க என்னத்தம்மா கேக்குறது?”

பொழுது சாய்வதற்குள் முழுவதும் அறுத்து முடித்தார். கையில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு கடைசிப் பிடி வரைக்கும் உட்கார்ந்து பார்த்தேன். அழவில்லை. அவரைக் கொல்ல வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். இதை எழுதும்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.