பட்டியலின் முதல் பெயர்

மூதூரில் றுக்கியாவின் தையல் கடைக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. சுவர் மறைய மறையத் துணிச்சுருள்கள். அங்கே பேசினால் எதிரொலி எழாது. அதனால்தான் அரசியல் விமர்சகர் அப்ராஸ் தன் யூடியூப் உரைகளை அங்கே பதிவு செய்துவந்தார். அவர் உள்ளே போனதும் றுக்கியா தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கைத்தையலை எடுப்பார்.

இரண்டு வருடங்களுக்கு முன், துறைமுக விரிவாக்கம் என்று சொல்லி மீனவர்களின் தோணித்துறைக்கு வேலி போட வந்தார்கள். முதலில் கொதித்தவர் அப்ராஸ். மனு எழுதினார், நாற்பத்தொரு பேரிடம் கையெழுத்து வாங்கினார்.

"முதல் கையெழுத்து பொம்புளையிட இருக்கணும் ராத்தா. அப்பதான் எடுபடும்" என்று, அக்காபோல் பழகிய றுக்கியாவிடம் பேனையை நீட்டினார். றுக்கியா போட்டார். வேலி வேலை நின்றது.

பிறகு ஆட்சி மாறியது. அதே வேலியைப் போட நினைத்த புதியவர்களின் மேடையில் அப்ராஸுக்கு ஒரு கதிரை கிடைத்தது.

போன திங்கட்கிழமை பின்னேரம் பதிவுக்கு வந்தார். அறை வாசல் திரைக்குப் பின்னாலிருந்து அதே குரல், அதே ஆவேசம்: "வேலியை மறித்தவர்கள் வெளிநாட்டுக் காசுக்கு விலைபோனவர்கள். நாற்பத்தொரு பெயரும் என்னிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வாசிப்பேன்."

றுக்கியாவின் கையிலிருந்த பட்டன் தரையில் உருண்டது. அந்தச் சத்தம் பதிவில் விழுந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டார். கணவர் இன்பாஸ் துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர். உள்ளே போகும் பாஸை அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். மனைவியின் பெயர் இப்படி வெளியே வந்தால் யார் புதுப்பிப்பார்கள்?

அப்ராஸ் வெளியே வந்து தண்ணீர் கேட்டார்.

"தம்பி, அந்த லிஸ்ட்ல முதல் பேர் ஆர்ட?"

"அதெல்லாம் ஆருக்கு ஞாபகம் ராத்தா?"

"எனக்கு. நீங்கதானே பேனை தந்த."

சிரித்தார். "பயப்படாதீங்க. உங்கட பேர விட்டுருவன். இந்த வீட்டுத் தண்ணியக் குடிச்சுட்டு அப்படிச் செய்வனா?"

"மத்த நாப்பது பேர்ட வீட்டுலயும் தண்ணி குடிக்கல்லயா?"

"நிலைப்பாடு மாறும் ராத்தா. அதுதான் அரசியல் வளர்ச்சி."

வெள்ளிக்கிழமை அதே அறையிலிருந்து சொன்னபடியே செய்தார். இரண்டாம் பெயரிலிருந்து வாசித்தார். அது பக்கத்து வீட்டு றம்லாவின் பெயர்.

"அல்ஹம்துலில்லாஹ், தப்பினோம்" என்றார் இன்பாஸ். றுக்கியாவுக்கு அப்படித் தோன்றவில்லை. உரை எங்கே பதிவாகிறது என்று ஊருக்கே தெரியும்.

மறுநாள் காலையில் றம்லா வாசலில் நின்றார்.

"என்ட அபாயாத் துணியத் தாங்க. தைச்சது போதும்."

"நான் ஒண்டும் குடுக்கல்ல றம்லா."

"உங்கட அறைக்குள்ள இருந்துதானே வாசிச்ச. உங்கட பேர் மட்டும் காத்துல பறந்துட்டாக்கும்?"

வெட்டாத துணியோடு போய்விட்டார். மத்தியானத்துக்குள் இன்னும் நால்வர் வந்து துணியைத் திருப்பி எடுத்தார்கள்.

"வாயத் திறக்காத" என்றார் இன்பாஸ். "இந்த வயசுல வேற வேல தேட என்னால ஏலா."

அவர் வெளியே போனபின் றுக்கியா போனை எடுத்தார். அப்ராஸின் காணொளிக்குக் கீழே எழுதினார்: 'முதல் கையெழுத்து என்னுடையது. மனுவை எழுதியவர் அப்ராஸ். றுக்கியா, மூதூர்.' சொந்தப் பெயரையே மூன்று தடவை பிழையாக அடித்தார். திருத்தி அனுப்பினார்.

பின்னேரம் வாசலில் அப்ராஸின் மோட்டார் சைக்கிள் நின்றது. பழக்கத்தில் றுக்கியா மெஷினிலிருந்து காலை எடுத்தார். செருப்புச் சத்தம் படியேறியது. மறுபடியும் காலை வைத்து மிதித்தார். மெஷின் சத்தம் பின்னறை வரை கேட்டது. தையல் கோணலாக ஓடியது. நிறுத்தவில்லை.