காலில் ஒரு கரிப்பொட்டு

இன்று சிக்மகளூர் மலையிலிருந்து பெங்களூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நானும் என் ஒன்றரை வயது மகளும், கல்லூரித் தோழிகள் இருவரும்.

திடீரென்று பனிமூட்டம். கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் டீக்கடை அக்கா ஒருவர் சாலைக்கே வந்து கை காட்டி நிறுத்தினார்.

“கொழந்தைய வச்சிக்கிட்டு இந்த மஞ்சுல எறங்காதீங்கம்மா. வெலகட்டும்.”

“டீ விக்கிற டெக்னிக்டீ இது,” என்று காரை ஓட்டிய திவ்யா என் காதில் சொன்னாள்.

டீக்கு அவர் காசே வாங்கவில்லை. மகளை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே இருந்தார். அவள் தூங்கியதும் அடுப்புக் கரியைத் தொட்டு, உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்தார்.

“உங்களுக்கு எத்தனை பசங்கக்கா?” என்று கேட்டேன்.

“ஒண்ணு இருந்துச்சு.” வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார். “அன்னிக்கு எங்கள யாரும் நில்லுன்னு சொல்லல.”

பனி விலகியதும் கிளம்பினோம். திரும்பிப் பார்த்தால், அடுத்த காருக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். மலை இறங்கும்வரை ஒவ்வொரு வளைவிலும் திவ்யா வேகத்தைக் குறைத்து ஹாரன் அடித்துக்கொண்டே ஓட்டினாள்.

வீட்டுக்கு வந்து மகளைக் குளிப்பாட்டினேன், அந்தக் காலை மட்டும் நனைக்காமல். தூங்குகிறவளின் மூச்சை இன்னும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

திருஷ்டிப் பொட்டெல்லாம் மூடநம்பிக்கை என்று இதே பக்கத்தில் நீளமாக எழுதியவள் நான்தான். திட்டுகிறவர்கள் வரிசையில் வாருங்கள். பொட்டை மட்டும் அழிக்கச் சொல்லாதீர்கள்.