சில்வர் பேனா போட்ட டிக்

என் வேனின் டேஷ்போர்டில், சாமி படத்துக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்புத் தகடு இருக்கிறது. நடுவில் போல்ட் ஓட்டை. ஓரத்தில் சில்வர் பேனாவால் போட்ட ஒரு டிக், பாதி அழிந்துபோய். தோலில் குறி வைக்க ஷூ கம்பெனிகளில் வைத்திருப்பார்களே, அந்தப் பேனா. இந்த டிக்கை வாங்க நான் பட்ட பாடு, பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில்கூடப் பட்டதில்லை. அங்கே மூன்றாவது முறையே பாஸ் போட்டுவிட்டார்கள்.

போட்டவர் டெஸ்டிங் அக்கா. மாதனூரிலிருந்து ஆம்பூருக்கு ஷூ கம்பெனிப் பெண்களை ஏற்றிப்போன என் பழைய வேனில், மூன்றாவது வரிசை ஜன்னலோரம் அவர் இடம். கம்பெனியில் அவர் வேலை செருப்பைப் பிய்ப்பது. வாரை மிஷினில் மாட்டி, எவ்வளவு இழுத்தால் பிடுங்கிக்கொள்கிறது என்று பார்ப்பார். தாங்கினால் டிக், இல்லையென்றால் அத்தனையும் திரும்பிப் போகும். "நாங்க கண்ணு போவத் தைக்கிறோம், நீ குந்திகினு பிச்சுப் போடுற" என்று தையல் பெண்கள் சீண்டுவார்கள். சிரித்துக்கொள்வார்.

அந்த வருஷம் எஃப்.சி. காட்ட, அதாவது வண்டி ஓடத் தகுதி என்ற சர்டிபிகேட் வாங்க, சீட்டுக்கு ஒரு பெல்ட் வேண்டும் என்றார்கள். நான் அதிபுத்திசாலி. பழைய வண்டிகளில் கழற்றிய பெல்ட்டுகளை வாங்கி, அலமாரிக்குக் கீல் அடிப்பதுபோல் வேனின் பிளைவுட் தரையில் ஸ்க்ரூ வைத்து முறுக்கிவிட்டேன். பிரேக் இன்ஸ்பெக்டர் எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டு சீட், பன்னிரண்டு பெல்ட். சர்டிபிகேட் கைக்கு வந்தது. மறுநாள் காலை மாதனூர் நிறுத்தத்தில், "எல்லாரும் பெல்ட் போடுங்க, பறக்கப் போறோம்" என்று அறிவித்தேன்.

அக்கா மாட்டவில்லை. பெல்ட்டைக் கையில் இரண்டு சுற்று சுற்றி, முன்சீட்டின் காலில் பாதத்தை ஊன்றி, ஒரே இழு. ஸ்க்ரூ மரத்தூளோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. வேனே சிரித்தது. நானும்தான்.

"அது பிரேக் இன்ஸ்பெக்டருக்குக் காட்றதுக்குக்கா. இழுத்தெல்லாம் பாக்கக் கூடாது."

அக்கா சிரிக்கவில்லை. "வாரு நல்ல வாருதான். செருப்புலயும் வாரு அறாது தம்பி, மாட்ன எடத்துலதான் புடுங்கிக்கும். எங்கியோ இருக்குற கொழந்த போடுற செருப்பையே இழுத்துப் பாத்துட்டுதான் அனுப்புறேன். இங்க பன்னெண்டு பொம்பளைங்க குந்தறோம். நீ இதை எதுலப்பா மாட்டியிருக்க?"

"அடுத்த மாசம் பாத்துக்கலாம்க்கா."

"அப்ப அடுத்த மாசம் ஏறிக்கிறேன்" என்று இறங்கிவிட்டார்.

அன்றிலிருந்து டவுன் பஸ். அது வந்து, போய்ச் சேருவதற்குள் கம்பெனி கேட் மூடிவிடும், லேட் எழுதுவார்கள். மற்றப் பெண்கள் இறங்கவில்லை. அவரவர் வீட்டில் அவரவர் கஷ்டம். நிறுத்தத்தில் தனியாக நின்ற அவரைக் கடக்கும்போதெல்லாம் பாம் பாம் என்று ஹாரன் அடித்தேன், கேலியாக. மூன்று நாள். அவர் திட்டவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. நான்காம் நாள் மழை. சாப்பாட்டுப் பையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று கை ஹாரனுக்குப் போகவில்லை. எனக்கும் மனசாட்சி உண்டு. கொஞ்சம் லேட்டாக ஸ்டார்ட் ஆகும், அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேனைப் பட்டறையில் விட்டு, பிளைவுட்டைக் கிழித்து, பெல்ட்டுகளை அடியிலிருக்கும் இரும்புச் சேஸிஸோடு சேர்த்து, மேலும் கீழும் தகடு வைத்து போல்ட் போட்டோம். சொல்லியனுப்பியதும் அக்கா வந்து ஒவ்வொன்றையும் உடம்பு மொத்தத்தையும் போட்டு இழுத்தார், தாங்கியதன் தகட்டில் சில்வர் பேனாவால் டிக் போட்டார். இரண்டு ஆடியது என்று மறுபடி கழற்ற வைத்தார். தன் சீட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டு, பன்னிரண்டாவது டிக் போட்டுவிட்டு, "நாளைக்கு ஏறிக்கிறேன்" என்றார்.

எத்தனையோ வருஷம் ஓடியது. அந்த பெல்ட்டுகளுக்கு ஒரு நாளும் வேலை வரவில்லை. சொல்லிக் காட்டினேன். "வராமலே இருக்கட்டும்ப்பா" என்றார்.

எனக்குத் தெரியாமல் போனது ஒன்றுதான். அந்த லேட்டுகளுக்காக அவரை டெஸ்டிங் ரூமிலிருந்து பசை போடும் பக்கம் மாற்றியிருந்தார்கள். கையில் சொல்யூஷன் வாடை அடித்தபோது, "இன்னாக்கா, பஞ்சர் கடை வச்சிட்டீங்களா?" என்று கேட்டவன் நான். அதற்கும் சிரித்தார். பல மாதம் கழித்துத் தையல் பெண் ஒருத்தி சொல்லித்தான் தெரிந்தது. அதற்குள் அந்த மிஷினுக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ முறை வாயைத் திறந்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு ஜோக்தான் வந்தது. போன ஐப்பசியில் அக்கா இறந்துபோனார். மாலையோடு போய் நின்றபோது வாயில் ஜோக் எதுவும் இல்லை. அப்போது கேட்க அவர் இல்லை.

பழைய வேனை உடைக்கப் போட்டபோது மூன்றாவது வரிசைத் தகட்டை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். புது வேன் பெல்ட்டோடே வந்தது. ஷோரூமிலேயே காலை ஊன்றி ஒவ்வொன்றையும் இழுத்தேன். "கம்பெனி பிட்டிங் சார், பிச்சுடப் போறீங்க" என்று பையன் பதறினான். மாதனூர் நிறுத்தத்தில் மட்டும் நான் ஹாரன் அடிப்பதில்லை.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் தகட்டைப் பார்த்து, "இது இன்னாண்ணா, திருஷ்டிக்கா?" என்றாள்.

"இல்லம்மா. அது பாஸான தகடு. நான்தான் இன்னும் ஆகல."

ஜோக் என்று நினைத்துச் சிரித்தாள். பெல்ட் மாட்டும் சத்தம் கடைசி வரிசைவரை கேட்டு முடிந்த பிறகு வண்டியை எடுத்தேன்.