கயிறில்லாமல் பார்த்த குளம்பு

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மார்கழிச் செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்குப் போத்தனூரில் எங்கள் வீட்டுக்குக் கால்நடை மருத்துவர் வந்தார். பசுவின் முன்னங்குளம்பில் சீழ் பிடித்திருந்தது. மூட்டுக்கு ஏறிவிட்டால் அதை அடிமாடாகத்தான் விற்க வேண்டும். கயிறு போட்டுச் சாய்க்க நான்கு பேரை நிறுத்தியிருந்தேன். மருத்துவர் அவர்களை அனுப்பிவிட்டார். வேலை தெரியாதவரோ, மாட்டுக்குப் பயப்படுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

“பால் கறக்கறது யாருங்க?”

மனைவியைக் காட்டினேன்.

“அம்மணி, தலைப்பக்கமா நின்னு, கறக்கறப்ப பேசற மாதிரியே பேசுங்க.”

அவள் என்னைப் பார்த்துத் தயங்கினாள். “இவரு இருக்கறாருங்களே.”

“இருக்கட்டுமுங்க.”

அவள் பசுவின் கழுத்தைத் தடவியபடி ஆரம்பித்தாள். “கண்ணு, நீ நொண்டறதை மூணு நாளாச் சொன்னேன், கேட்டாரா? நோட்டுல தேதி எழுதிப்போட்டுப் பேப்பர் படிக்கப் போயிட்டாரு. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அதுக்கும் தேதி எழுதுவாரு.”

பசு காதைச் சாய்த்து நின்றது. மருத்துவர் காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்து, குளம்பைச் செதுக்கிச் சீழை வெளியேற்றினார். ஒருமுறை அது இழுத்தபோது விட்டுவிட்டு, அடங்கியதும் மறுபடி எடுத்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்றே இன்றும் நினைக்கிறேன்.

பொங்கலுக்குள் பசு நேராக நடந்தது. நோட்டைப் புரட்டினேன். பசு நொண்டுவது சனிக்கிழமைத் தேதியிலேயே என் கையெழுத்தில் இருந்தது. அதன்பிறகு கறக்கும் நேரத்தில் அவள் குரல் கேட்டால் பேப்பரை மடித்துவிட்டுத் தொழுவத்துப் பக்கம் போவேன். என்னைக் கண்டதும் அவள் நிறுத்திவிடுவாள்.