சோணை பேரில் எட்டணா

சீனியம்மாள் கையில் காசு தங்காது. சமயநல்லூரில் என் வீட்டுக்கு எதிர்க் குடிசை அவளுடையது. புருசன் இல்லை. ஒற்றை மகன் சோணை. நாற்று நட்டு, களை பறித்து வாங்குகிற கூலியில் வயிற்றுக்குப் போக மிச்சத்தை ஊரான் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து என்று மொய்யாகப் போட்டுவிடுவாள்.

"ஒரு பொட்டுத் தங்கமாச்சும் வாங்கி வையிக்கா" என்பேன்.

"அடப் போடா வண்டிக்காரா! தங்கத்தைக் களவாணி தூக்குவான். ஊருக்குள்ள கெடக்குற மொய்ய எவன் தூக்குவான்? சோணை கல்யாணத்துல அம்புட்டும் வந்து விழும்."

கணக்கு சரிதான். மொய் வாங்கினவன் கூடப் போட்டுத்தான் திருப்ப வேண்டும். ஆனால் வீட்டில் விசேஷம் வைத்தால்தான் திரும்பும். நினைத்த நேரம் கேட்க முடியாது.

சோணை ரங்கூனுக்கு மூட்டை தூக்கப் போனான். அங்கே குண்டு விழுந்தது. கூடப் போனவர்கள் காடு மலையெல்லாம் நடந்து வந்து சேர்ந்தார்கள். அவன் வரவில்லை. பாதி வழியில் காய்ச்சலில் படுத்தவனை விட்டுவிட்டு வந்தோம் என்றான் ஒருத்தன். செத்ததைப் பார்த்தவன் யாருமில்லை.

அதற்குப் பிறகு அவள் கதவைச் சாத்தியதில்லை. மழையிலும் சாத்த மாட்டாள். என் மாட்டுச் சலங்கை கேட்டால் வாசலுக்கு வருவாள். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விடுவாள். சோறு மட்டும் இரண்டு பேருக்கு வடிப்பாள்.

இந்த நேரம் பார்த்து, குடிசை நின்ற மனைக்குச் சொந்தக்காரன் வந்து, "இடத்த விக்கப் போறேன். அறுபது ரூவா. நீ வாங்குறியா, வேற ஆளப் பாக்கவா?" என்றான்.

நான்தான் சொன்னேன்: "யக்கா, நம்ம பக்கம் கருமாதிக்கும் மொய் உண்டு. சோணைக்குக் காரியம் பண்ணிரு."

அடிக்க வந்தாள். "உசுரோட இருக்குறவனுக்கா? உம் மாட்டுக்குப் பண்ணுடா!"

நாலு நாள் கழித்து அவளே வந்தாள். "குடிசை போச்சுன்னா அவன் வந்து எந்த வாசல்ல நிப்பான்? பந்தலுக்கு மூங்கில் ஏத்திட்டு வா, தம்பி."

காரியம் நடந்தது. அவள் அழவில்லை. ஊரே மொய் போட்டது. இடத்தை எழுதி வாங்கினாள். கதவு திறந்தேதான் கிடந்தது.

போன தையில் என் மகள் முனியாயிக்குக் கல்யாணம். சீனியம்மாள் எட்டணாவை வைத்து, "சோணைன்னு எழுது" என்றாள். மொய் எழுதின பேச்சிமுத்து என்னைப் பார்த்தான்.

"ஆத்தா, அவன் கருமாதிக்கும் நாந்தான எழுதுனேன்..."

"எழுதுடா. அவன் கல்யாணத்துக்கு இந்த வண்டிக்காரன் திருப்பிச் செய்யணும்ல?"

எழுதச் சொன்னேன். வேறென்ன செய்ய? வழக்கம்போலப் பேச்சிமுத்து பேரைச் சத்தமாக வாசித்தான். பந்தியில் இருந்தவர்கள் இலையை விட்டுத் தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தார்கள்.

நானும் பார்த்தேன்.